என் மகளின் உடல் கேட்ட அளவு

பல் தேய்த்துவிட்டு நிவேதா துப்பிய நுரை சிவந்திருந்தது. ஈறுதான் என்றாள். எங்கும் இடித்துக்கொள்ளாமலே அவள் கையில் கன்றிப்போயிருந்த நீலத்தைப் பார்த்ததும் நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

மகளுக்கு இருபத்து நான்கு வயது. இதயத்தில் உலோக வால்வு பொருத்தி ஆறு வாரம் ஆகியிருந்தது. வால்வில் இரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை) ஆயுள் முழுக்க வேண்டும். மருந்து குறைந்தால் இரத்தக்கட்டி, கூடினால் கசிவு.

குரோம்பேட்டையில் எங்கள் மருத்துவர் ஐ.என்.ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) பார்த்தார். மூன்றை ஒட்டி இருக்க வேண்டியது ஆறைத் தாண்டியிருந்தது.

"சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் நிவேதா சொல்லிவிட்டாள். "வீட்ல கீரைக்குத் தடை உத்தரவு, டாக்டர். ரசத்துல மிதக்குற கொத்தமல்லியக்கூட அப்பா ஸ்பூனால எடுத்துடறார்."

உண்மைதான். மருத்துவமனையில் கொடுத்த தாளில் 'கீரை: கவனம்' என்று ஒரு வரி இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரம் சந்தையிலிருந்து கீரைக்கட்டோடு வருகிறவன், அதைப் படித்ததும் அடியோடு நிறுத்திவிட்டேன்.

"நிறுத்தச் சொல்லல சார். அளவு மாறக் கூடாதுன்னுதான் சொன்னோம். கீரை நின்னா மருந்தோட வீரியம் ஏறிடும்."

என் பிள்ளையின் இரத்தம் என்னால் கசிந்தது என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன். இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தினார்கள். கீரை திரும்பியது. பழைய அளவைத் தொடங்கிப் பத்தே நாளில் எண் மறுபடி ஐந்தைத் தாண்டியது. இப்போது பழி போட என்னிடம் ஒரு தவறுகூட இல்லை. அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

மருத்துவர் மரபணுப் பரிசோதனை எழுதினார். கொஞ்சம் இரத்தம் எடுத்தார்கள், அவ்வளவுதான். முடிவு வந்தது. இந்த மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதி (உடலின் வேதிவேலைகளைச் செய்யும் புரதம்) நிவேதாவுக்கு மெதுவாக வேலை செய்கிறதாம். மற்றவர்களுக்குச் சரியான அளவு அவளுக்கு மிக அதிகம்.

"என்கிட்டருந்து வந்ததா டாக்டர்?"

"இந்த மரபணு உங்ககிட்டருந்து ஒண்ணு, அவங்க அம்மாகிட்டருந்து ஒண்ணு. இதுல யார் தப்பும் இல்ல சார்."

"கல்யாணத்துக்குக் கிளம்பினா பந்தி முடிஞ்சப்புறம் போய் நிக்கிற குடும்பம்" என்றாள் நிவேதா. "என் லிவர் மட்டும் வேகமா ஓடுமா?" கூட வந்திருந்த என் மனைவி சிரித்துவிட்டாள்.

பாதிக்கும் குறைவான மாத்திரையில் எண் மூன்றுக்கு வந்து நின்றது. இதே மருந்தோடு வாழ்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மரபணு முடிவு அளவைத் தேட வழிதான் காட்டும், ஐ.என்.ஆர் பார்ப்பதை விட முடியாது. செவ்வாய்க்கிழமை போட்ட மாத்திரை வெள்ளிக்கிழமையும் அவளுக்குள் வேலை செய்துகொண்டிருக்கும். ஒரு நாளின் எண்ணை வைத்து அலறக் கூடாது என்று நான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு பீன்ஸ் நறுக்கும்போது நிவேதா விரலை வெட்டிக்கொண்டாள். துணியை வைத்து அழுத்திப் பிடித்தாள். நான் சுவர்க் கடிகாரத்தின் எதிரில் போய் நின்றேன். ஒன்பதாவது நிமிடம் விரலை நீட்டிக் காட்டினாள்.

"நின்னுடுச்சுப்பா. நீங்களும் உட்காருங்க."

உட்கார்ந்தேன்.