அம்பகரத்தூர் டிக்கெட்

காரைக்காலில் பஸ் ஏறியதும், என் ஸ்டாம்பு சேகரிப்புக்காக வாங்கிய உறையைப் பிரித்துவிட்டேன். வீடு வரை பொறுக்க முடியவில்லை. உள்ளே, ஒரு பழைய கப்பல் கம்பெனியின் பெயர் விழுந்த இரண்டு ரெவின்யூ ஸ்டாம்புகள். ஒட்டுவதற்கு முன்பே அச்சகத்தில் பெயர் அடித்தவை என்றால் அபூர்வம். கம்பெனி ஆள் கையால் முத்திரை குத்தியவை என்றால் சாதாரணம்.

பக்கத்து சீட்டில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒல்லியான மனிதர். அம்பகரத்தூருக்கு டிக்கெட் எடுத்ததிலிருந்து முஷ்டியால் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் வெளியே எடுத்த ஸ்டாம்பைப் பார்த்ததும் அந்தக் கை நின்றது.

“எங்க அத்தா வேலை பார்த்த கம்பெனி, தம்பி. முத்திரை குத்துறது அவங்கதான். இது அவங்க குத்துனதா?”

“அச்சாத்தான் இருக்கும் பாய்! அச்சுன்னா ரெண்டு ஸ்டாம்புலயும் பேரு ஒரே இடத்துல இருக்கும். கையால குத்துனா இடம் மாறும். இருங்க, இன்னொன்னையும் எடுத்து வச்சுப் பாத்துருவோம்.”

“வேணாம் தம்பி. நான் எறங்கணும்.”

திருநள்ளாறில் இறங்கிவிட்டார். பஸ் கிளம்பியதும் இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் பெயர் நடுவில் நேராக இருந்தது. மற்றதில் ஓரமாகச் சாய்ந்திருந்தது.

ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன். “பாய்! கையால குத்துனதுதான்!”

கூட்டத்தில் அந்தத் தொப்பி திரும்பவில்லை. அவர் டிக்கெட் எடுத்தது இன்னும் தள்ளி இருக்கும் அம்பகரத்தூருக்கு என்பது அப்புறம்தான் எனக்கு நினைவு வந்தது.