இரண்டு ஏரி, ஒரு நத்தை

நத்தை ஓட்டை அளந்து பிழைப்பவனுக்கு அவசரம் கிடையாது, ஆனால் அசட்டுச் சிரிப்பு நிறையத் தேவைப்படும். கல்லூரி லேபில் வேலை பார்த்துக்கொண்டு, "அங்கே என்னதான் செய்யறே?" என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பெங்களூர் கண்டோன்மென்ட் கல்லூரி ஒன்றில் நான் லேப் உதவியாளன். எங்கள் புரொபசருக்கு ஏரி நத்தைகள்மேல் பித்து. அல்சூர் ஏரி நத்தைக்கு ஓடு மெலிந்து, உச்சி கூராக இருக்கும். ஆனேக்கல் ஏரி நத்தைக்குத் தடித்து உருண்டிருக்கும். இரண்டும் வேறு வேறு இனம் என்பது அவர் கட்சி.

அளவு எடுத்தது

அல்சூர் ஏரியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நத்தை பொறுக்குவேன். கரைக்கல்லில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அளந்து, நோட்டில் எழுதி, பாதியைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். பக்கத்தில் துணி துவைக்கும் முனியம்மா மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நாலாம் நாள் கேட்டே விட்டாள்:

"ஏஞ்சாமி, அதுங்களுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

தட்டு கவிழ்ந்தது

ஒருநாள் லேபில் இரண்டு ஏரி ஓடுகளையும் தட்டோடு கீழே போட்டுவிட்டேன். எதிலும் இன்னும் நம்பர் எழுதவில்லை. மெலிந்ததெல்லாம் அல்சூர், தடித்ததெல்லாம் ஆனேக்கல் என்று பிரித்து அடுக்கினேன். நடுவாந்தரமாக ஒரு குவியல் மிஞ்சியது. அதையும் குத்துமதிப்பாகப் பங்கிட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் முதல் வேலையாகப் புரொபசரிடம் உண்மையைச் சொன்னேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"நீ சொல்லாம இருந்திருந்தா என் கட்சி ஜெயிச்சிருக்கும், அந்தோணி. போ, ரெண்டு ஏரிக்கும் முதல்லேருந்து போ."

கீரை

அந்த நடுவாந்தர ஓடுகள் அவரை உறுத்திக்கொண்டே இருந்தன. இரண்டு ஏரிக்கரை ஈரமண்ணிலும் நத்தை முட்டைகளைத் தோண்டி எடுத்து, என் வீட்டுக் கொல்லையில் தனித்தனித் தொட்டியில் வளர்க்கச் சொன்னார். ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே கீரை. என் சம்சாரம் மேரி முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு வெயில் ஏறினால் அவளே ஓடிப்போய்த் தொட்டிமேல் சாக்குப் போட ஆரம்பித்தாள். ஒருநாள் சாப்பாட்டில் வெறும் ரசம்தான்.

"கீரை இல்லீங்க. குழந்தைங்க சாப்பிட்டுட்டாங்க."

வெள்ளைப் பக்கம்

ஒரு வருஷத்துக்குப் பிறகு அளந்தேன். மூன்று தடவை அளந்தேன். இரண்டு தொட்டி ஓடுகளும் ஒரே மாதிரி! ஏரியின் மண்ணும் தண்ணீரும்தான் ஓட்டை மாற்றியிருக்கின்றன.

இதை எப்படிச் சொல்வது? புரொபசர் தமக்குப் பாடம் சொன்ன வாத்தியாரின் பெயரைப் புது இனத்துக்கு வைத்து, கட்டுரையையும் எழுதி முடித்திருந்தார். அந்தப் பெரியவருக்குக் கடிதமும் போட்டாயிற்று. நான் முடிவைச் சொல்லாமல் ஓடுகளை அவர் மேஜையில் பரப்பி, "எது எந்த ஏரி, சொல்லுங்க சார்" என்றேன். மத்தியானம் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதிக்குமேல் தப்பு. காப்பி ஆறிப்போயிற்று. கடைசியில் கட்டுரையைக் கையில் எடுத்தார். கிழிக்கத்தான் போகிறார் என்று பதறி எழுந்தேன்.

"உட்காரு அந்தோணி. பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்னு அதிலே எழுதுவோம்."

ஆக, இல்லாத ஒரு நத்தையை இல்லை என்றே நிரூபித்துவிட்டு நிம்மதியாக ரிட்டையர் ஆனவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.