இரண்டு குழி வைத்த களி

நான் அதிர்ந்து பேசாதவள். அன்று பஸ் நிறுத்தமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

கொல்லிமலையில் என் டீக்கடைக்குப் பக்கத்தில்தான் என் நாத்தனாரின் கடை. என் கணவர் இறந்த பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. பலாச்சுளை, மரவள்ளிக் கிழங்கு, சாமைச் சோறு என்று வரைந்து, உள்ளங்கை அளவு அட்டைகளில் அச்சடித்து விற்பாள். மலைக்கு வருகிறவர்கள் வாங்கிச் சேர்த்து வைப்பார்கள். அன்று புதிதாக ஒரு படம் தொங்கியது: விளிம்பு நசுங்கிய எங்கள் வீட்டுத் தட்டில் ராகிக் களி.

"ஏம் புள்ள, எங்க ஊட்டு இல்லாமையையும் அச்சுப் போட்டு விக்கறயா?"

"உங்க டீக்கு வராத கூட்டம் எனக்கு வருதுன்னு எரியுதுங்களா அண்ணி?"

படத்தைப் பிடுங்கி, வாங்க வந்தவர்கள் முன்னாலேயே இரண்டாகக் கிழித்தேன்.

"அது எங்கண்ணன் தட்டுங்க" என்றாள்.

அப்போதுதான் கையிலிருந்ததை உற்றுப் பார்த்தேன். குழம்பு ஊற்ற எல்லோரும் களியில் ஒரு குழிதான் வைப்போம். அவர் மட்டும் மிளகாய்ச் சட்னிக்கென்று இன்னொன்று வைப்பார். படத்தில் இரண்டு குழி இருந்தது, பாதிக்கு ஒன்றாக.

ஒரு பாதியை அவள் பிடுங்கிக்கொண்டு போனாள். மற்றது என் டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. பக்கத்துக் கடைதான். மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.