நண்டு கட்டும் கை

ஒல்லாந்தர் தங்கள் தலைமையைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றிய வருஷம். கோட்டையே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஒல்லாந்து வியாபாரி வீட்டுத் துரைசானி, சுவரில் மாட்டியிருந்த தன் படங்களை மூட்டையாகக் கட்டித்தர வேலம்மாவைக் கூப்பிட்டனுப்பினாள். பசியாவரத்து வேலம்மா ஏரியில் கையால் துழாவி நண்டு பிடிக்கிறவள். அவள் கட்டிக் கொண்டுவரும் நண்டுக்கு ஒரு கால்கூட ஒடிந்திருக்காது. அந்தக் கைமேல் துரைசானிக்கு அவ்வளவு நம்பிக்கை.

படங்களில் ஒன்று நாகப்பன், வேலம்மாவின் புருஷன். வியாபாரிக்குப் படகு தள்ளியவன். அவர் பொழுதுபோகாமல் சாயத்தைத் தண்ணீரில் கரைத்து அவனைத் தாளில் வரைந்து வைத்திருந்தார். அப்புறம் அவனை முகத்துவாரம் விழுங்கிவிட்டது. மகள் பச்சையம்மா அப்போது வயிற்றில். நைனா எப்படியிருப்பார் என்று அவள் கேட்காத நாளில்லை. கோட்டைக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். இன்றைக்குப் படம் கப்பலேறினால் போயே போச்சு. கப்பலுக்குப் போகிற வழியில் படகை ஊர்ப்பக்கம் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள் என்று கேட்டிருக்கலாம். பாவிக்கு வாய் வரவில்லை.

படத்துக்குப் படம் பழம்புடவையை மடித்து வைத்தாள். மூலைகளில் வைக்கோல் திணித்துப் பாயால் இறுக்கிக் கட்டினாள். படகோட்டி தருமனின் படகில் எல்லாம் ஏறின, துரைசானியும் ஏறினாள். நாகப்பன் இருந்த மூட்டையைக் கடைசியாக வைத்துவிட்டு வேலம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் நினைப்பு மகளிடம் இருந்தது. கையோ, பாழாய்ப்போன கை, தினமும் நண்டு சாகாமலிருக்கச் செய்வதுபோல ஏரியில் அள்ளி மூட்டைமேல் தண்ணீர் தெளித்தது.

பாயிலிருந்து சொட்டுவதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உயிரே போயிற்று.

"அம்மா, நண்டுனு நெனச்சி தண்ணி தெளிச்சிட்டேன்மா."

துரைசானியின் முகம் சிவந்தது. பக்கத்துக் கரை எதுவோ அங்கே ஒதுக்கச் சொன்னாள். பக்கத்துக் கரை பசியாவரம்.

வேலம்மாவின் குடிசை நிழலில் படங்களைப் பிரித்து வைத்தார்கள். நாகப்பன் தலைக்குமேல் வானம் கொஞ்சம் கரைந்திருந்தது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடிவந்த பச்சையம்மா அதன் முன்னால் குந்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"யாரும்மா இவரு? எம் மூக்க வெச்சினுகீறாரு."

"உன் நைனாடி," என்ற வேலம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

துரைசானி அந்தப் பிள்ளையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். நன்றாகக் காயட்டும், அவசரமில்லை என்று தருமனிடம் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

திரும்பக் கட்டும்போது முடிச்சு நழுவாமல் பச்சையம்மாதான் விரல் வைத்துப் பிடித்தாள். படகு முகத்துவாரத்தைப் பார்த்துப் போயிற்று. அதற்கப்புறம் அவள் நைனாவைப் பற்றி யாரையும் கேட்கவில்லை. கேட்டவர்களுக்குத் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.