ஆறு மயில்களும் ஒரு கடைப் பெட்டியும்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு அவசரக் கூட்டம் நடந்தது. விஷயம்? லண்டனின் பெரிய கடை ஒன்றின் மேல் எப்படிப் படையெடுப்பது என்பதுதான்.

கூட்டத்தைக் கூட்டியவர் குட்மேய்ஸில் வசிக்கும் யோகமக்கா. என் மனைவி மங்கைக்கு ஒன்றுவிட்ட அக்கா. நாங்கள் இருப்பது பிளேஸ்டோவில். ஆனாலும் எங்கள் வீட்டு விஷயங்களில் அவர் அடுத்த அறையில் இருப்பவர் மாதிரித்தான்.

"மங்கை, உம்மை அந்தக் கடைக்காரங்கள் நல்லா ஏமாத்திப் போட்டாங்கள். நீர் என்னோடை வாரும். மனேச்சரைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரை கேப்பம்."

மங்கை என்னைப் பார்த்தாள். நான் கார்ப்பெட்டைப் பார்த்தேன்.

ஏன் கார்ப்பெட்டைப் பார்த்தேன் என்பதை உங்களிடமாவது ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றவாளி நான்தான்.

மங்கை ஒரு ஃபக்டரிக்கு வீட்டிலிருந்தே சட்டைக் கொலர் தைத்துக் கொடுக்கிறாள். பகல் முழுக்கக் கொலர்... கொலர்... கொலர். தைத்து அலுத்தவர்கள் என்ன செய்வார்கள்? டீ குடிப்பார்கள். வீடியோவில் படம் பார்ப்பார்கள். இவள் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பழைய மெஷினுக்கு மாறி உட்கார்ந்து மயில் தைப்பாள்!

உள்ளங்கையில் அடங்குகிற மயில். ஃபெல்ட் துணியில் ஜரிகை நூலால் தோகை. உள்ளே பஞ்சு. தலையில் தொங்கவிட ஒரு ரிப்பன். நத்தாருக்குக் கிறிஸ்மஸ் மரத்திலும் மாட்டலாம், சாமியறைக் கதவிலும் மாட்டலாம். எந்தச் சமயத்தோடும் சண்டைக்குப் போகாத மயில்.

முதலில் தோர்ண்டன் ஹீத்தில் தெரிந்தவர் வீட்டில் ஒரு பிறந்தநாள் வந்தது. மங்கை ஆசையாக மூன்று மயில்களை டிஷ்யூ பேப்பரில் சுற்றிக்கொண்டு போனாள். வீட்டுக்கார அம்மா பிரித்துப் பார்த்தார்.

"நல்ல வடிவாயிருக்கு. எந்தக் கடையிலை வேண்டினனீர்?"

"நான் தைச்சது."

"ஓ... வீட்டிலை செய்ததோ? ஏன் மங்கை, உமக்கு உந்தக் கரைச்சல்? உம்மடை மனுசனுக்கு இப்ப ஷிப்ட் குறைவோ?"

கவனித்தீர்களா? வெள்ளைக்காரர் ஒரு பொருளின் மேல் 'கையால் செய்தது' என்று சின்னச் சீட்டு ஒட்டினால், ஆட்கள் கியூவில் நின்று வாங்குகிறார்கள். நம்மவரிடம் அதையே சொன்னால்... அனுதாபப்படுகிறார்கள்! கடைக்குப் போக வழியில்லாதவன்தான் கையால் செய்வான் என்பது நமது சித்தாந்தம்.

திரும்பி வரும் ரயிலில் எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அன்றைக்குப் போட்டதுதான் திட்டம்.

நம்மவர் வீட்டு அலுமாரிகளுக்கு மேலே என்ன இருக்கும்? சூட்கேஸ். சூட்கேசுக்குள்ளே? பெரிய கடைகளின் பைகளும் பெட்டிகளும் – கசங்காமல், மடிப்புக் குலையாமல். உள்ளே வந்த பொருள் தேய்ந்து கிழிந்து குப்பைக்குப் போயிருக்கும். பெட்டி மட்டும் புத்தம் புதிதாக இருக்கும். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. யாரோ தந்த சேர்ட்டின் பெட்டி. மூடியில் தங்க எழுத்தில் கடையின் பெயர்.

யோகமக்கா வீடு வாங்கிக் குடிபூரலுக்கு அழைத்தார். ஆறு நீல மயில்கள் அந்தப் பெட்டிக்குள் போயின.

"இது பொய்யெல்லோ?" என்றாள் மங்கை.

"நீர் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. பெட்டி சொல்லும்" என்றேன். மேதாவி அல்லவா!

பெட்டி நன்றாகவே சொன்னது. யோகமக்கா முதலில் மூடியைத்தான் உயர்த்திப் பிடித்தார். "தம்பி, இதை வடிவா எடும்" என்று வீடியோக்காரருக்கு உத்தரவு. பிறகுதான் மயில்கள் வெளியே வந்தன.

"தையலைப் பாத்தியளோ? உதுதான் இங்கிலீஷ்காரன்ரை ஃபினிஷிங். எங்கடை ஆக்களுக்கு உது ஏலுமே?"

எல்லோரும் தலையாட்டினார்கள். மங்கை கையில் வடைத்தட்டோடு நின்றாள். பாராட்டு முழுவதும் அவளுக்கு உரியது. ஆனால் எட்டி வாங்க முடியாது. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அவளுடைய வேலையைப் பிடுங்கி, முகம் தெரியாத ஒரு கடைக்காரனிடம் கொடுத்தவன் நான்.

அதோடு முடிந்திருந்தால் இந்த வாரம் உங்களுக்கு வேறு கதை சொல்லியிருப்பேன். நான் ஒன்றை மறந்துவிட்டேன். நம்மவர் பரிசை வைத்துக்கொள்வதில்லை – மாற்றுவார்கள்!

யோகமக்காவின் புதுக் கர்ட்டன் மெரூன். மயில்களோ நீலம். பொருந்துமா? மெரூன் மயில் வாங்கலாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார். பில் இல்லாவிட்டால் என்ன, பெட்டி இருக்கிறதே?

கடையின் கவுண்டரில் நின்ற பெண் ஆறு மயில்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்கள் பொருள் இல்லை என்று மிக மரியாதையாகச் சொல்லியிருக்கிறாள். யோகமக்கா அரை மணி நேரம் வாதாடியிருக்கிறார். கடைசியில் அவர் கண்டுபிடித்த உண்மை – கடைக்காரர்கள் மங்கையிடம் போலி மயிலை விற்றுவிட்டு இப்போது கையை விரிக்கிறார்கள்! இனிச் சாட்சியோடு போக வேண்டும். அதற்குத்தான் சனிக்கிழமைக் கூட்டம்.

"கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடும், மங்கை."

மங்கை எழும்பவில்லை.

"அக்கா, கடையிலை ஒரு பிழையும் இல்லை. உதுகளை நான்தான் தைச்சனான். பெட்டி இவரின்ரை வேலை."

உண்மை வெளியே வந்துவிட்டது, இனிச் சண்டைதான் என்று நான் மெல்லச் சமையலறைப் பக்கம் நகர்ந்தேன். நடந்தது என்ன தெரியுமா? யோகமக்கா நம்பவில்லை!

"சும்மா போம். என்னோடை வர அலுப்பிலை, பஞ்சியிலை சொல்லுறீர். உப்பிடி ஆர் வீட்டிலை இருந்து தைப்பினம்?"

மங்கை சத்தியம் செய்தாள். நானும் செய்தேன். பலனில்லை. வாய் திறக்காமல் ஒரு பெட்டி சொன்ன பொய்யை ஊரே நம்பியது... இரண்டு பேர் சத்தியம் செய்து சொன்ன உண்மைக்கு அத்தாட்சி கேட்கிறார்கள்!

மங்கை மெஷினில் போய் உட்கார்ந்தாள். துணியை அழுத்துகிற பாதத்தைக் கழற்றினாள். துணியை இழுக்கிற பற்களைக் கீழே இறக்கினாள். ஃபெல்ட் துணியை மர வளையத்தில் இறுக்கினாள். இனி எந்தப் பக்கம் போவதென்று மெஷினுக்குத் தெரியாது. ஊசி மேலும் கீழும் குத்தும், அவ்வளவுதான். கழுத்தை வளைப்பதும் தோகையை விரிப்பதும் வளையத்தை நகர்த்துகிற அவளுடைய இரண்டு கைகள். கை கொஞ்சம் பிசகினால் மயில் கோழியாகிவிடும்.

யோகமக்கா தன் வாழ்க்கையில் முதல் தடவையாக இருபது நிமிடம் பேசாமல் இருந்தார். தோகை முடிந்ததும் வளையத்தை வாங்கி, தான் கொண்டுவந்த மயிலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அச்சொட்டாக அதே மயில். மங்கை காத்திருந்தாள். நானும்தான். 'கெட்டிக்காரி' என்று ஒரு சொல். அது போதும்.

"ஓ... அப்ப மெஷின் எல்லோ தைக்குது! நீர் தைக்கிறீராக்கும் எண்டு நினைச்சன்."

வீட்டில் செய்தால் வசதியில்லை. மெஷினில் செய்தால் திறமையில்லை. மனுஷி என்னதான் செய்வாள்?

மங்கை வளையத்தைத் திரும்ப வாங்கி, தொங்கிய நூலை அறுத்தாள்.

"ஓம் அக்கா. நீங்களும் பிட்டு அவிக்கிறேல்லைத்தானே? பானை எல்லோ அவிக்குது."

பதினேழு வருடக் குடித்தனத்தில் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. யோகமக்காவின் பிட்டு எங்கள் சொந்தத்தில் பேர்போனது. அதில் கைவைக்கலாமா? அக்கா கோட்டை மாட்டினார். கைப்பையை எடுத்தார். போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லவில்லை. கதவு சாத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அதற்குப் பிறகு டெலிபோன் அடிக்கவில்லை. மங்கை கொலர் மட்டும் தைத்தாள். பழைய மெஷினை மூடிவைத்துவிட்டாள். கேட்டால், "விடுங்கோ, என்னத்துக்கு உந்த வேலை" என்றாள்.

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். யோகமக்கா கோபித்தால் போகட்டும், பிட்டு இல்லாமல் உயிர் வாழலாம். மங்கை மயில் தைப்பதை விட்டுவிட்டால்? அந்த மெஷினில் இருக்கும்போதுதான் அவள் தனக்குள் ஏதாவது பாடிக்கொண்டிருப்பாள். ஐந்து நாள் வீட்டில் பாட்டே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம், நான் பின்னேர ஷிப்டுக்குப் புறப்படும் நேரம், டெலிபோன் அடித்தது. யோகமக்காவின் குரலுக்கு டெலிபோன் ஒரு சம்பிரதாயம்தான். கதவடியில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது.

"மங்கை, எங்கடை சின்ன மகளின்ரை பிறந்தநாளுக்கு வாற பிள்ளையளுக்குக் குடுக்க நாப்பது மெரூன் மயில் வேணும். செய்யேலுமோ?"

மன்னிப்பு? அந்தச் சொல்லே வரவில்லை. நம்மவர் மன்னிப்புக் கேட்பதில்லை, ஓர்டர் கொடுப்பார்கள்.

"ஏலும் அக்கா. ஆனா ஒவ்வொரு மயிலின்ரை பின்பக்கத்திலையும் என்ரை பேர் தைப்பன்."

"பேரோ? பேர் போட்டால் நீர் செய்ததெண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே!"

"தெரியத்தான் அக்கா போடுறது."

நான் சப்பாத்து நாடாவைக் கட்டாமல் குனிந்தபடியே நின்றேன்.

"சரி... ஆனா எழுத்தைக் கொஞ்சம் சின்னனாப் போடும்."

"ஓம் அக்கா" என்றாள் மங்கை, மிகவும் அடக்கமாக.

இன்று காலை முதல் மெரூன் மயில் மேசையில் கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மங்கையர்க்கரசி – முழுப்பெயரும், கொண்டையிலிருந்து வால் நுனிவரை!