அப்பா வாயைத் திறக்கவில்லை

போன வருடம் கோடைக்காலத்தில், சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் பயணிகள் வெளியே வரும் வாசலில் நடந்தது இது. அப்பா முதல்முறையாக அமெரிக்கா வருகிறார். அதுவும் தனியாக. தங்கையின் பிரசவத்துக்காக அம்மா ஊரிலேயே இருந்துவிட்டாள்.

அப்பா நாமக்கல் பக்கம் லாரிகளில் லோடு ஏற்றி இறக்கியவர். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் பயண ஏற்பாடு எல்லாம் என் பொறுப்பு. ஃப்ரீமான்ட்டில் என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்தேன். பாஷை தெரியாத பெற்றோருக்கு இங்கே எல்லோரும் செய்வதுபோல டிக்கெட்டோடு வீல்சேர் உதவியும் பதிவு செய்தேன். "எனக்குக் காலு நல்லாத்தானே இருக்குது?" என்று அப்பா கோபித்துக்கொண்டார். காலுக்காக இல்லை, வழி காட்ட ஓர் ஆள் கிடைப்பதற்காக என்று புரியவைத்தேன். என் நம்பரைப் பெரிதாக எழுதி அவர் போனின் பின்பக்கம் ஒட்டவைத்தேன். சர்க்கரை மாத்திரை கைப்பைக்குள் போயிற்று. கை கனக்க வேண்டாமே என்று, அம்மா சுட்ட முறுக்கும் தட்டுவடையும் பெரிய பெட்டிக்குள் போயின.

கிளம்பும் அன்று போனில் கடைசியாக ஒன்று சொன்னேன். "யார் எது குடுத்தாலும் வாங்கிச் சாப்பிட்டுடாதீங்க. மயக்க மருந்து கலந்து குடுத்து, பாஸ்போர்ட்ட அடிச்சிட்டுப் போயிருவாங்க." ரயிலில் பிஸ்கட் கொடுத்து நகையைப் பறித்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அப்பாவும்தான்.

விமானம் இறங்கிவிட்டதாகப் பலகை காட்டியது. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். குழந்தைகள் ஓடிப் போய்த் தாத்தா பாட்டியைக் கட்டிக்கொண்டன. வீல்சேர்கள் ஒவ்வொன்றாக வந்தன. எதிலும் அப்பா இல்லை. அவர் போனில் இந்த ஊர் சிம் கிடையாது. கூட்டம் மெலிந்து, ஒருவர் இருவராக வரத் தொடங்கியபோது தடுப்புக் கம்பி வரை போய் எட்டிப் பார்த்தேன். அதே விமானத்தில் வந்த ஓர் இளைஞரை நிறுத்திக் கேட்டேன்.

"இமிக்ரேஷன் லைன்ல ஒரு பெரியவர் மயக்கமா இருந்தார். சுத்தி ஆளுங்க நின்னாங்க. யாருன்னு தெரியல" என்றார்.

உள்ளே போக எனக்கு அனுமதியில்லை. வாசலில் நின்ற காவலரிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் ரேடியோவில் பேசிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். அந்த நேரம் பார்த்து, தெரியாத எண்ணிலிருந்து போன். இங்கே தெரியாத எண் என்றாலே கார் இன்ஷூரன்ஸ் விற்பவர்கள்தான். பழக்க தோஷத்தில் கட் பண்ணினேன். மறுபடி வந்தது. மறுபடியும் கட் பண்ணினேன். அப்புறம் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. 'அப்பாவுக்கு முடியல. போனை எடுங்க.'

உடனே திருப்பிக் கூப்பிட்டேன். ஒரு பெண்மணி எடுத்தார். அப்பாவுக்கு அடுத்த வீல்சேரில் வந்தவராம், அப்பா போனில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்.

"ஏம்ப்பா, கட் பண்ணிக்கிட்டே இருந்தா எப்படி? உங்கப்பாவுக்கு வேர்த்து ஊத்துது, கை நடுங்குது. சுகர் இருக்கா?"

"இருக்கு ஆன்ட்டி."

"லோ ஆயிடுச்சுன்னு நினைக்கிறேன். எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும். இங்க ஆபீசர் ஜூஸ் கொண்டாந்து குடுக்கறார், இவர் வாயைத் திறக்க மாட்டேங்கறார். 'பையன் சொல்லியிருக்கான், பையன் சொல்லியிருக்கான்'னு அதையே சொல்றார். ஸ்பீக்கர்ல போடறேன், நீயே சொல்லு."

"அப்பா, குடிங்க. நான்தான் சொல்றேன். அது ஒண்ணும் பண்ணாது."

நாக்குக் குழறிய குரலில் அப்பா கேட்டார்.

"யாருங்க பேசறது?"

பெற்ற பிள்ளையை 'ங்க' போட்டு, யாரோ அந்நியரிடம் பேசுவதுபோலக் கேட்கிறார். சிறுவயதில் நான் அவரை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவேன். ஹாஸ்டலில் மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு 'அப்பா' என்று மாற்றிக்கொண்டேன். அவர் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அன்று பயத்தில் பழைய வார்த்தை தானாக வந்தது.

"ஐயா, நானுங்கய்யா! குடிச்சிருங்கய்யா! ஐயா, வாயைத் தெறங்கய்யா!"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கத்துவதை நிறுத்தவில்லை.

"குடிக்கிறார்ப்பா. குடிக்கிறார்" என்றார் ஆன்ட்டி. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

மருத்துவ உதவியாளர்கள் வந்து பார்த்துவிட்டு, தெளிந்த பிறகுதான் விட்டார்கள். இரண்டு வீல்சேர்களும் ஒன்றாக வெளியே வந்தன. அப்பாவின் சட்டையில் ஆரஞ்சு ஜூஸ் கறை. ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"தெரியாதவங்க குடுத்தா வாங்கக் கூடாது, சரி. தெரியாதவங்க போன் பண்ணா எடுக்கவும் கூடாதா?"

காரில் வரும்போதுதான் முழுக்கதையும் தெரிந்தது. கறி தொடாத அப்பாவுக்கு முதல் விமானத்தில் சைவச் சாப்பாடு கிடைத்திருக்கிறது. இடையில் டிக்கெட் மாறியதில் இரண்டாவது விமானத்துக்குச் சைவம் பதிவாகவில்லை, நானும் சரிபார்க்கவில்லை. கறி வாசம் அடித்ததும் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார்.

"ஆனா மாத்தரைய மட்டும் நம்மூரு நேரத்துக்குத் தப்பாமப் போட்டுட்டேன் கண்ணு" என்றார் பெருமையாக. வெறும் வயிற்றில் போட்ட அந்த மாத்திரைதான் சர்க்கரையை இறக்கியிருக்கிறது.

இப்போதெல்லாம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது 'அப்பா அம்மா வர்றாங்க, என்ன பண்ணணும்?' என்று கேட்டால் முதல் ஆளாக எழுதுகிறேன். முறுக்கைப் பெரிய பெட்டியிலிருந்து எடுத்துக் கைப்பையில் வையுங்கள். இத்தனை மணி நேரப் பயணத்தில் மாத்திரையை எப்போது போடுவது, சாப்பிட முடியாவிட்டால் என்ன செய்வது என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் சாப்பாட்டைத் தனித்தனியாகச் சரிபாருங்கள். போனில் ஒட்டும் நம்பருக்குக் கீழே நோயின் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். யாரிடம் வாங்கக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். முடியாமல் போனால் யாரிடம் வாங்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

என் போனில் தெரியாத எண் ஒளிரும்போதெல்லாம் "யாருங்க பேசறது?" என்ற அந்தக் குரல் காதில் விழுகிறது. பேசுவது பெரும்பாலும் கார் இன்ஷூரன்ஸ்காரர்தான், இருந்தாலும் எடுத்துவிடுகிறேன்.