பிச்சிப்பூ காய்ந்த கோடு

எங்கள் சங்கரன்கோவிலில் நூலின் பலத்தைக் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டிய முதல் தறிக்காரன் நான்தான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் கூலியாகத் தறிக்கூடத்துக்குள் நுழைந்தவன், இன்று நாற்பது விசைத்தறி ஓட்டுகிறேன். வாசுதேவநல்லூர் பஸ்ஸில் என் பெயரைச் சொன்னால் கண்டக்டரே கூட வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்.

நூலின் பலம் பார்க்கும் அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே ஒரு பிடி, கீழே ஒரு பிடி. நடுவில் நூலை மாட்டினால் கீழ்ப்பிடி இழுக்கும். நூல் அறுகிற நொடியில் எவ்வளவு பாரம் தாங்கியது என்பதை மேல்பிடி சொல்லும். முன்பெல்லாம் ஒருவர் முள்ளைப் பார்த்துச் சொல்ல, ஒருவர் நோட்டில் எழுத, இன்னொருவர் கூட்டிக் கழிப்பார். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே சாப்ட்வேர். ‘இழு’ என்று உத்தரவு போடுவதும் அதுதான், அளப்பதும் அதுதான், நூறு நூலையும் ஒப்பிட்டுக் கோடு வரைந்து, தேறுமா தேறாதா என்று தாள் அடித்துக் கொடுப்பதும் அதுதான். அது வந்த முதல் நாள் நான் நாற்காலியில் உட்காரவே இல்லை!

விஜயதசமி அன்று மதியம் கோயமுத்தூரிலிருந்து ஒரு பெரிய துணிக்கடையின் ஆள் வருவதாக இருந்தது. நூல் சோதனைத் தாள் தேறினால் வருஷம் முழுக்க என் தறிகளுக்கு வேலை. தேறாவிட்டால் வந்த காரிலேயே ராஜபாளையம் தறிக்காரர்களிடம் போய்விடுவார்.

காலையில் பூ மார்க்கெட்டுக்கு நானே போய், தண்ணீர் சொட்டச் சொட்ட நாலு முழம் பிச்சிப்பூ வாங்கி வந்து இயந்திரத்தின் மேல்பிடியில் சாத்தினேன். சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தேன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பெண், அளவைச் சுழியில், அதாவது பூஜ்யத்தில், நிறுத்திவிட்டுச் சோதனையை ஆரம்பித்தாள்.

முதல் பத்து நூல் ஜோர். அப்புறம் கோடு சரிய ஆரம்பித்தது. ஐம்பதாவது நூல் முதல் நூலைவிட நோஞ்சான். எல்லாம் ஒரே கூம்பில் இருந்து எடுத்த நூல்!

“அண்ணாச்சி, எறங்கிக்கிட்டே போகுது. இப்படியே போனா தேறாது.”

சாப்ட்வேர் விற்றவரைப் போனில் பிடித்து, “என்ன வே, பொய் சொல்லுத பெட்டியையா என் தலையில கட்டுனீரு?” என்று கத்தினேன். நூல் மாட்டாமல் ஓட விட்டுப் பார்க்கச் சொன்னார். ஓட விட்டோம். நூலே இல்லை, கோடு அப்போதும் இறங்கியது! திரை முழுக்க, முதலில் சரசரவென்று, போகப் போக மெதுவாக.

திரைக்குக் கிட்டே போனேன். அந்த வளைவு எனக்குத் தெரியும். கஞ்சி போட்ட பாவு நூலை வெயிலில் விரித்துவிட்டு எத்தனை வருஷம் காவல் இருந்திருக்கிறேன்! ஈரம் முதலில் ஓடும், கடைசியில் நொண்டும்.

“ஏட்டி, எதுவோ காயுது! இங்கன ஈரமா என்ன இருக்கு?”

அவள் மேல்பிடியைக் கைகாட்டினாள். ஏ.சி. காற்றில் என் பிச்சிப்பூ ஆடிக்கொண்டிருந்தது. பூவோடு சேர்த்துத்தான் சுழி வைத்திருக்கிறோம். பூ காயக் காய மேல்பிடியின் பாரம் குறைய, அந்தப் பழி நூலின் தலையில் விழுந்திருக்கிறது.

“காலையிலேயே சொல்ல வேண்டியதுதான?”

“எடுக்கட்டுமான்னு கேட்டேனே. ‘சாமிக்குச் சாத்துன பூவுல கை வச்சே, தெரியும்’னு நீங்கதான திட்டுனிய!”

திட்டியது உண்மைதான். ஆனால் கோட்டைப் பார்த்ததுமே ஈரம் என்று சொன்னது யார்? கன்னத்தில் போட்டுக்கொண்டு, என் கையாலேயே பூவை எடுத்துச் சாமி படத்துக்கு மாற்றினேன். சந்தனத்தையும் துடைத்தேன். மறுபடி சுழி, மறுபடி நூறு நூல். கோடு கண்மாய்த் தண்ணீர் மாதிரி மட்டமாக நின்றது. தேறியது!

வந்த ஆள் தாளைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மேசையில் கிடந்த இன்னொரு தாளை எடுத்தார். சரிந்து இறங்கும் கோடு.

“இது எந்த நூல் அண்ணாச்சி? ரொம்ப மோசமா இருக்கே.”

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் சொல்லிவிட்டாள்: “அது நூலு இல்ல சார். அண்ணாச்சி சாத்துன பிச்சிப்பூ.”

நடந்ததைக் கேட்டு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “பூ காயுததையே காட்டிக்கொடுக்குத மிஷினு, என் நூலுல குறை இருந்தா மறைக்கவா செய்யும்?” என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்தப் பூக்கோட்டைச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டியிருக்கிறேன். வந்து பாருங்கள்.